வாரண்டிவாசி

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவராவது இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். டிவி ரிமோட் பாலித்தீன் உறைக்குள் இருக்கும். உறை மங்கி, எந்தப் பொத்தான் எது என்று தெரியாமல் வீட்டில் எல்லோரும் தடவித்தான் சானல் மாற்றுவார்கள். மிக்ஸி ஆயுள் முடிந்து பழைய சாமான்காரரிடம் போயிருக்கும், அதன் அட்டைப்பெட்டி மட்டும் தெர்மகோலோடு பரணில் பத்திரமாக இருக்கும். கடை பில் மை வெளுத்துவிடும் ரகம் என்பதால் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் குத்தி, முதுகில் சிவப்பு மையில் 'வாரண்டி' என்று எழுதி வைத்திருப்பார். வீட்டுப் பத்திரத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கும். இந்த ஃபைலை மின்வெட்டிலும் எடுத்துவிடுவார்.

கஞ்சர் என்று நினைத்தால் தப்பு. கல்யாண வீடுகளில் தாராளமாக மொய் எழுதுகிறவர். பஜாஜ் சேத்தக்குக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை; சாலிடேர் டிவியை மர ஷட்டர் இழுத்து மூடி வைத்த வீட்டில் வளர்ந்தவர். பொருள் என்பது பெரும்பாடுபட்டு வந்து சேருவது, வந்தபின் சாகக் கூடாதது.

இப்போது அவர் வீட்டில் ஒரு லேப்டாப் சாகக் கிடக்கிறதா இல்லையா என்பதுதான் பிரச்சினை.

மகன் படிப்புக்காக வாங்கியது. மகன் வேலைக்கு பெங்களூரு போய், ஆபீஸில் வேறு கொடுத்துவிட்டார்கள். இதில் இவர் கரண்ட் பில் கட்டுகிறார், ரயில் டிக்கெட் போடுகிறார், மற்ற நேரம் பூப்போட்ட துணியால் போர்த்தி வைக்கிறார். சார்ஜரைப் பிடுங்குவதே இல்லை. கேட்டால், "பேட்டரியை மிச்சம் பண்றேன் சார்" என்பார். லித்தியம் பேட்டரிக்கு எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்பதும் சூடும்தான் எமன். இரண்டுக்கும் அவர் வீட்டில் முழுநேர ஏற்பாடு உண்டு. இதைச் சொல்லலாம்தான், சொன்னால் அந்தத் துணியை வீட்டம்மா கையால் தைத்தார் என்ற இன்னொரு விஷயத்துக்குள் போக வேண்டிவரும்.

மூன்று வருஷ வாரண்டி முடியப்போகும் நேரம் பார்த்து கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

"இன்னும் ஒரு வருஷம் எக்ஸ்டென்ட் பண்ணிக்கலாம் சார்."

"காபி கொட்டினா வருமாம்மா?"

"அது ஆக்சிடென்டல் டேமேஜ் சார். தனி பிளான்."

"பேட்டரி?"

"பேட்டரிக்கு மொத வருஷம் மட்டும்தான் சார்."

"எலி கடிச்சா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "செக் பண்ணிச் சொல்றேன் சார்."

"அப்ப எதுக்குத்தாம்மா வரும்?"

"மதர்போர்டு போச்சுன்னா சார்."

"போகுமா?"

"அதெல்லாம் போகாது சார், நல்ல மாடல்."

"போகாததுக்கு நான் எதுக்கும்மா பணம் கட்டணும்?"

அவள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவரும் எலி விஷயத்தில் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

அன்று மாலை கணக்கு நோட்டு வெளியே வந்தது. கணக்குத் துறையில் ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டருக்கு வருமான வரிச் சட்டம் வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் அனுமதிக்கிறது என்பது அவருக்கு வேதம். வாங்கிய விலை 52,000. முதல் வருஷம் கழித்தால் 31,200, இரண்டாவதில் 18,720, மூன்றாவதில் 11,232. எக்ஸ்டென்ஷனுக்கு 7,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 8,850.

"பதினோராயிரம் ரூபா சாமானுக்கு ஒம்பதாயிரம் ரூபா காவலா?" என்று நோட்டை மூடினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. உடனே திறந்தார். "ஆனா புதுசு வாங்கணும்னா அறுபதாவது ஆகுமே சார்?"

மகனைக் கேட்டார். அவன் பொறியாளர் பாஷையில் விளக்கினான். மின்னணுச் சாமான் கெட்டுப்போவதை வரைபடமாகப் போட்டால் குளியல்தொட்டி மாதிரி இருக்குமாம். பிறந்த புதிதில் கொஞ்சம் சாகும், கிழமான பிறகு நிறைய சாகும், நடுவில் தரைமட்டம். அந்தத் தரைமட்ட வருஷங்களைத்தான் காசுக்கு விற்கிறார்கள் என்றான்.

"நம்ம வீட்ல ஏதுடா தொட்டி? வாளிதானே?" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்தது ரிச்சி தெரு. அங்கே ஒரு மாடிப்படி அடியில் சிப் லெவல் சர்வீஸ் செய்யும் பையன் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தான், தட்டினான். "நல்லாத்தான் இருக்கு சார். போனா எடுத்துட்டு வாங்க." எப்போது போகும் என்று கேட்டதற்கு அவன் சிரித்தது இவருக்குப் பிடிக்கவில்லை.

வாரண்டியைப் போட்டுவிட்டு ஒன்றும் ஆகாவிட்டால் பணம் தண்டம். போடாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டம்மா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். நடுவில் ஒரே ஒரு மோட்ச வழி உண்டு: இருக்கிற வாரண்டி முடிவதற்குள் அதுவே ரிப்பேர் ஆகிவிட வேண்டும். கடைசி வாரம் அவர் அதற்காகவே உழைத்தார். காலையில் திறந்து, அடியில் கைவைத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி பார்ப்பார். ஃபேன் சத்தத்துக்குக் காது கொடுப்பார். பழைய கல்யாண வீடியோக்களைப் பகல் முழுக்க ஓடவிட்டார். "ஏதாவது கருகின வாசனை வருதா பாரேன்" என்று வீட்டம்மாவை ஆசையோடு கூப்பிட்டார். "உங்க சாம்பார்தான் கருகுது, சத்தத்துல குக்கர் விசில் கேக்கல" என்றார் அவர். லேப்டாப் ஒரு குறையும் இல்லாமல், முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடியது. துணியை எடுத்ததால் காற்றோட்டம் கிடைத்திருக்கலாம்.

கடைசி நாள் இரவு பன்னிரண்டு மணி தாண்டியது. மறுநாள் காலையில் படியில் பார்த்தேன், முகம் தெளிந்திருந்தது. "முடிஞ்சது சார். இனிமே நம்ம கையில இல்ல" என்றார். ஷேவ்கூடச் செய்திருந்தார்.

அப்போது போன் அடித்தது. அதே பெண். வாரண்டி முடிந்தாலும் முப்பது நாள் அவகாசம் உண்டு என்றும், மெஷினை ஒருமுறை பரிசோதித்துவிட்டு எக்ஸ்டென்ட் செய்துகொள்ளலாம் என்றும் உற்சாகமாகச் சொன்னாள். அவர் படியிலேயே உட்கார்ந்தார். ஒரு கையால், அந்த ஃபைலை எடுத்து வரும்படி என்னிடம் சைகை காட்டினார்.

"அதெல்லாம் சரிம்மா, எலியப் பத்தி செக் பண்ணிட்டீங்களா?"