தூக்கக் கழிவு: வீட்டுக் காப்பகக் கட்டணம் பற்றி ஓர் ஆய்வு

வீட்டுக் காப்பகம் எனப்படுவது, தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகளின் கைக்குழந்தைகளையும் தவழும் குழந்தைகளையும், பள்ளியில் சேரும் வயது வரும்வரை, ஒரு பெண் தன் சொந்த வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டு கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் தொழிலாகும். சென்னையின் தென்பகுதியில், வேளச்சேரி தொடங்கி மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரையில், கணினி நிறுவனங்களை நம்பிக் கட்டப்பட்ட அடுக்ககங்களிடையே, தெருவுக்கு ஒன்று என்று சொல்லத்தக்க அளவில் இத்தகைய 'டே கேர்'கள் நடந்துவருகின்றன. இவற்றுக்கு நியாயமான மாதக் கட்டணம் எவ்வளவு என்பதை ஆராய்ந்து, இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் எளிதில் கையாளத்தக்க ஒரு சூத்திரத்தை வகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். சூத்திரம் உரிய இடத்தில் வரும்.

இத்துறையின் அடிப்படைச் சிக்கலைப் பிகு என்னும் ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920இல் வெளியிட்ட நூலிலேயே தொட்டுக்காட்டியிருக்கிறார். ஒருவர் தம் வீட்டைப் பராமரிக்கும் பெண்ணையோ சமையல்காரியையோ மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்பது அவர் கூற்று. வேலை முன்பு போலவே நடந்தாலும், சம்பளம் நின்றுவிடுவதால் அவ்வேலை கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், திருநெல்வேலியிலிருந்து வந்து பேரனைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி மூட்டுவலி தாங்காமல் ஊருக்குத் திரும்ப, பேரன் பக்கத்துத் தெருக் காப்பகத்தில் சேர்க்கப்படும் அன்று, யாரும் கூடுதலாக ஒரு வேலையும் செய்யாமலேயே நாட்டு வருமானம் மாதம் 8,000 ரூபாய் உயர்கிறது. நாடு மகிழ்கிறது, பெற்றோர் மகிழ்வதில்லை. அவர்கள் மனத்தில் நிலைத்திருப்பது 'பாட்டி விலை' ஆகும். பாட்டி விலை எனப்படுவது சுழியம். சந்தையில் எந்தக் கட்டணம் சொல்லப்பட்டாலும் அது சுழியத்தோடுதான் ஒப்பிடப்படுகிறது என்பதையும், சுழியத்தோடு ஒப்பிட்டால் எத்தொகையும் கொள்ளையாகவே தோன்றும் என்பதையும், காப்பகம் தொடங்க எண்ணுவோர் முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

பாட்டி விலையிலிருந்து கிளைத்தவையே கழிவுகள். பொங்கலுக்கு ஊருக்குப் போன நாள்களைக் கழிக்கக் கோருவது விடுமுறைக் கழிவு. சளி பிடித்து வீட்டில் இருந்த நாள்களைக் கழிக்கக் கோருவது, அச்சளி காப்பகத்தில்தான் தொற்றியது என்ற குற்றச்சாட்டோடு சேர்ந்து வருமானால், சளிக் கழிவு. இவை பழையவை, எல்லாக் காப்பகங்களும் அறிந்தவை, ஓரளவு சகித்துக்கொள்ளப்பட்டவை. ஆனால் சென்ற வாரம் ஒரு புதிய கழிவு இத்துறைக்குள் நுழைந்திருக்கிறது. காப்பகம் ஒன்றில் தம் ஒன்றரை வயது மகனைச் சேர்த்திருக்கும் ஒரு தந்தை, இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஓர் எக்செல் அட்டவணையை அனுப்பிவைத்தார். குழந்தை காப்பகத்தில் இருப்பது நாளொன்றுக்கு 9 மணி நேரம். அதில் தூங்குவது இரண்டரை மணி நேரம். தூங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை. எனவே மாதக் கட்டணமான 8,000 ரூபாயில் 2,222 ரூபாய் கழிக்கத்தக்கது என்பது அவ்வட்டவணையின் சாரம். அதில் 222 ரூபாயைத் தாமே பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுத்து, இனி 6,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, கீழே கைகூப்பும் படம் ஒன்றையும் இட்டிருந்தார். அக்காப்பகத்தின் கணக்கை எழுதிவருபவர் உரிமையாளரின் கணவரும், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவரும், இக்கட்டுரையின் ஆசிரியரும் ஆவார் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் ஆய்வின் நடுநிலை அதனால் பாதிக்கப்படவில்லை.

தூக்கக் கழிவை மதிப்பிட, தூக்கம் எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதை நோக்க வேண்டும். உற்பத்தி என்ற சொல் இங்கே தெரிந்தேதான் ஆளப்படுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை தூங்குவதில்லை, தூங்கவைக்கப்படுகிறது. பதினொன்றரை மணிக்குப் பருப்பு சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டி, வாயையும் கழுத்து மடிப்பையும் துடைத்து, டயப்பர் மாற்றி, கூரைக் கொக்கியில் பழைய நூல் சேலையால் கட்டிய தூளியில் கிடத்தி, ஆட்டத் தொடங்க வேண்டும். ஆட்டுவதற்கு ஒரு வேகம் உண்டு. கூடினால் குழந்தை அதை விளையாட்டு என்று எண்ணிச் சிரிக்கிறது, குறைந்தால் சேலையின் விளிம்பை விலக்கி வெளியே எட்டிப் பார்க்கிறது. இரண்டிலும் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. கண் செருகியபின் ஆட்டுவதை உடனே நிறுத்தலாகாது. சிறுகச் சிறுகக் குறைத்து, தூளிக்கே தெரியாதவாறு கையை எடுக்க வேண்டும். இதற்குள் பாயில் தட்டிக்கொடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும் மற்றொரு குழந்தை, தட்டும் கை நின்றதை உணர்ந்து எழுந்துவிடுகிறது.

உற்பத்தியான தூக்கத்தைக் காப்பது அதைவிடக் கடினம். இருபது லிட்டர் தண்ணீர் கேனை வாசலில் 'தொம்' என்று வைப்பவர், கூரியர்காரர், எதிர்வீட்டு குக்கர், தக்காளி விலையைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டபடி தெருவில் நிற்கும் காய்கறி வண்டி ஆகிய நான்கும் சரியாக ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வருவது ஆய்வுக்குரியது. 'குழந்தைகள் தூங்குகிறார்கள், பெல் அடிக்க வேண்டாம்' என்று கதவில் ஒட்டப்பட்ட தாளை முழுவதும் நிதானமாகப் படித்துவிட்டுப் பெல் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டரை மணி நேரம் வீட்டில் மிக்ஸி ஓடாது, தாளிப்பு கிடையாது, தொலைக்காட்சி வாய் மட்டும் அசைக்கும். கணக்கு எழுதுபவர் குறட்டை விடும் இயல்புடையவர் என்பதால், ஓய்வு பெற்றோருக்கு இயற்கை வழங்கிய மதியத் தூக்கம் அவருக்கு மறுக்கப்பட்டு, மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் செய்தித்தாளோடு உட்காரவைக்கப்படுகிறார். ஒரு குழந்தை தூங்குவதற்காக ஒரு முதியவர் விழித்திருக்க நேரும் இந்த இழப்பை அந்த எக்செல் அட்டவணையின் எந்தப் பத்தியில் சேர்ப்பது என்பதைத் தந்தையார் தெரிவிக்கவில்லை.

மேலும், காப்பகத்தில் உள்ள ஆறு குழந்தைகளும் ஒரே நேரத்தில் தூங்குவது என்பது ஏட்டளவில் மட்டுமே உள்ள நிலை. மூவர் தூங்கும்போது ஒருவர் பசித்து எழுகிறார். அவர் அழுகையில் மற்றொருவர் எழுகிறார். தூங்கவே மாட்டேன் என்று தீர்மானித்துவிட்ட ஆறாவது குழந்தை, தூங்குகிறவர்களின் கண்ணிமையை விரலால் திறந்து பார்க்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே, அசையாமல் கிடக்கும் குழந்தையின் மூக்கருகே அவ்வப்போது புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கும் வேலை ஒன்று உண்டு. பிறர் பெற்ற பிள்ளை கொஞ்சம் அதிக நேரம் தூங்கிவிட்டால் வயிற்றில் பிசையும் அந்த அச்சத்துக்கு மணிக்கு எவ்வளவு என்று எக்செலில் எழுதிக்காட்டுபவர் எவரேனும் இருப்பின், அவருக்கு 2,222 ரூபாயை முழுமையாகவே கழித்துக்கொடுக்கலாம்.

வாதத்துக்காகத் தூக்கக் கழிவை ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் குழந்தை தூங்காத நாள்களுக்கு 'விழிப்பு மிகை' ஒன்றும் வசூலிக்கப்பட வேண்டும். தூங்காத குழந்தை இரட்டிப்பு வேலை என்பதை எந்தப் பெற்றோரும் மறுக்கமாட்டார். இங்கேதான் சுவையான ஒரு முரண் தலைதூக்குகிறது. அட்டவணை வந்த அதே எண்ணிலிருந்து, அதற்கு மூன்று நாள் முன்னதாக, "மதியம் ரொம்பத் தூங்க விடாதீங்க ஆன்ட்டி, ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் ஆட்டம் போடறான்" என்ற செய்தி வந்திருந்தது. ஆக, தூங்கினால் கட்டணம் குறையும். தூங்காவிட்டால் வீட்டில் நிம்மதி கூடும். எப்பக்கம் விழுந்தாலும் நட்டம் காப்பகத்துக்கே. இதைவிட முதிர்ச்சியான ஒப்பந்தத்தைக் கணக்கு எழுதுபவர் தம் வங்கிப் பணிக் காலம் முழுவதிலும் கண்டதில்லை.

எண்களைப் பிரித்தால் நிலைமை மேலும் தெளிவாகும். மாதம் 25 நாள், நாளுக்கு 9 மணி நேரம் எனக் கொண்டால் 225 மணி நேரம். 8,000 ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு 35 ரூபாய் 55 காசு. நகரத்தின் பெரிய வணிக வளாகங்களில் வார இறுதியில் கார் நிறுத்த முதல் மணிக்கே இதைவிடக் கூடுதலாகத் தருகிறவர்கள், அந்தக் கார் அங்கே முழு நேரமும் தூங்கத்தான் செய்தது என்று சொல்லிக் கழிவு கேட்டதாகத் தகவல் இல்லை. காருக்கு யாரும் பருப்பு சாதமும் ஊட்டுவதில்லை.

கட்டணம் ஏன் ஆண்டுதோறும் ஏறுகிறது என்ற வினாவுக்கு அமெரிக்கப் பொருளியலாளர்களான பாமோல், போவன் இருவரும் நிகழ்த்துகலைகளைப் பற்றி 1966இல் எழுதிய நூலில் விளக்கம் இருக்கிறது. தொழிற்சாலையில் எந்திரம் வந்தால் ஒருவர் பலரின் வேலையைச் செய்வார். நால்வர் வாசிக்க வேண்டிய இசையை வாசிக்க மட்டும் அன்றும் நால்வர், இன்றும் நால்வர் வேண்டும். மற்ற தொழில்களில் சம்பளம் ஏற ஏற, ஆள் குறைக்க முடியாத இத்தகைய தொழில்களில் செலவு தானே ஏறும். இதற்குச் 'செலவு நோய்' என்று பெயர். தூளியை ஆட்டச் செயலி எதுவும் அக்காப்பகத்துக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் அதற்குச் சந்தா கட்டும் பெற்றோர் அதில் கழிவு கேட்கமாட்டார்கள். எத்தனை ஆள் வேண்டும் என்பதில் அரசுக்கும் ஒரு கணக்கு உண்டு. மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்றது. அதையொட்டி 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்று விகிதம் குறித்தன. ஒருவேளை அப்பத்துப் பேரும் தூங்கிக்கொண்டிருந்த வேளையில் அவ்விகிதம் வகுக்கப்பட்டிருக்கலாம்.

தாமதக் கட்டணம் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஆறரை மணிக்குமேல் ஒவ்வொரு கால் மணிக்கும் 50 ரூபாய் என்று கணக்கு எழுதுபவர் தம் கையாலேயே எழுதி, லேமினேட் செய்து, சுவரில் மாட்டியிருக்கிறார். "அஞ்சு நிமிஷம் ஆன்ட்டி, சிக்னல்ல நிக்கிறேன்" என்று சொல்பவர் ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே எங்கோ இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இருப்பினும் அப்பலகையின் பேரில் இதுவரை ஒரு ரூபாயும் வசூலானதில்லை. கேட்டால் உரிமையாளர், "விடுங்க, பாவம், அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தீங்களா" என்கிறார். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் காப்பகங்களை வைத்து நீசி, ருஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர்கள் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், தாமதத்துக்கு அபராதம் விதித்த காப்பகங்களில் தாமதமாக வருவோர் எண்ணிக்கை குறைவதற்கு மாறாக ஏறத்தாழ இரு மடங்காயிற்று. காசு கொடுத்தாயிற்று என்றதும் கூச்சம் போய்விட்டது. அபராதத்தை நீக்கியபின்னும் கூச்சம் திரும்பவில்லை. அவ்வாய்வைப் படிக்காத உரிமையாளர் அதன் முடிவுக்குத் தாமாகவே வந்து சேர்ந்திருப்பதும், படித்தவர் பலகையை லேமினேட் செய்துகொண்டிருந்ததும் இங்கே பதிவு செய்யப்படுகின்றன.

இனிச் சூத்திரம். ஆயாவின் சம்பளம், பால், அரிசி, பருப்பு, குளிர்சாதனம் ஓடுவதால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசின் சலுகை கண்ணிமைக்கும் நேரத்தில் கரைந்துபோகும் மின்கட்டணம், உடைந்த பொம்மை, சுவரில் கிரேயான் ஆகியவற்றைக் கூட்டிக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்பது வரை எல்லாம் ஒழுங்காகவே போகிறது. இடர்ப்பாடு அடுத்த வரியில் வருகிறது. உரிமையாளரின் ஊதியம் என்ற தலைப்பில் எவ்வளவு எழுதுவது என்று கேட்டபோது, அவர் "எழுதுங்க ஏதாவது" என்று சொல்லிவிட்டுப் பால் பாட்டிலைக் கொதிநீரில் போடப் போய்விட்டார். ஏட்டில் அந்த இடம் இன்றும் வெற்றிடமாகவே இருக்கிறது. மேலும், தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு தாயிடம் 5,000 ரூபாய் மட்டுமே வாங்கப்பட்டுவருவதும், அது ஏட்டில் ஏறாமல் கணக்கு எழுதுபவரிடமிருந்து மறைக்கப்பட்டிருந்ததும் இவ்வாய்வின்போதுதான் வெளிப்பட்டன. "அவ நைட் டூட்டி முடிச்சு வர்றவ" என்பதே அதற்குத் தரப்பட்ட ஒரே விளக்கம். இத்தகைய விலை நிர்ணய முறைக்குக் கணக்கு எழுதுபவர் படித்த எந்தப் பாடநூலிலும் பெயர் இல்லை. சூத்திரத்துக்குள்ளும் அது அடங்கவில்லை. ஆகவே சூத்திரம் அடுத்த ஆய்வுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

இடைக்காலமாக, எல்லாப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மாதக் கட்டணத்தை 5ஆம் தேதிக்குள் செலுத்திவிடுக. ஜிபேயில் பணம் அனுப்பியவர்கள் ஸ்கிரீன்ஷாட் அனுப்பத் தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பியவர்கள் பணத்தையும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.