கம்ப்யூட்டர் தம்பி நீடூழி வாழ்க

சிவகாசியில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கினால் பின்னாலேயே ஒரு தம்பியும் வருவார். லேபிள் டிசைன் செய்கிற வீடு, காலண்டர் ஆர்டர் பிடிக்கிற வீடு, பட்டாசுக் கடைக்குப் பில் போடுகிற வீடு, எதுவானாலும் சரி. அட்டைப்பெட்டியைப் பிரித்து, வயரை மாட்டி, திரையில் படம் வரவைத்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அந்தக் கடனை நான் தீர்க்கிறேன்.

முதலில் அவருடைய தாராள மனசு. புது மெஷினில் விண்டோஸ் 11 ஹோம், ஆரம்பத்திலேயே இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். "உங்க மெயில் ஐடி சொல்லுங்க அண்ணாச்சி" என்று தம்பி கேட்கலாம். அண்ணாச்சிக்கு மெயிலின் பாஸ்வேர்ட் தெரியாது, மகனுக்குத்தான் தெரியும், மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். பெரிய மனுஷரைக் கேள்வி கேட்டு நோகடிக்கத் தம்பிக்கு மனம் வராது. தன் மெயிலையே போட்டு, தன் செல் நம்பரையே கொடுத்துவிடுவார். அடுத்தவர் சொத்தில் தன் பெயரைப் போடக் கூடப்பிறந்தவன்கூடத் தயங்குவான். தம்பி தயங்குவதில்லை.

அப்படி முதலில் திறந்த கணக்குத்தான் அந்த மெஷினுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர். பெரும்பாலான மென்பொருளை ஏற்றவும், இன்னொருவருக்குக் கணக்குத் திறக்கவும் அதன் சம்மதம் வேண்டும். வீட்டாருக்கு 'ஹோம்' என்று ஒரு சாதாரணக் கணக்கு. பணம் கட்டுகிற பாரம் அண்ணாச்சிக்கு. ஆளுகிற பாரத்தைத் தம்பி தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பாரம் எவ்வளவு பெரிது என்பது ஆடி மாதத்தில் தெரியும். ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிற ஊர் இது. முந்தின வாரம் புது கலர் பிரின்டர் வந்திருக்கிறது. மதினி டிரைவர் கோப்பைச் சொடுக்குகிறார். திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி எழும்புகிறது. இந்தச் செயலி மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேள்வி. அதன் கீழே தம்பியின் பெயர், தம்பியின் மெயில், பின் நம்பருக்கு ஒரு காலிக் கட்டம். வீட்டு ரேஷன் கார்டில் இல்லாத ஒரு பெயர், வீட்டுத் தலைவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

தம்பிக்குப் போன் போட்டால், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. அவர் முன்னேறிப் பெங்களூருக்குப் போய்விட்டார். முன்னேறட்டும், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அவருடைய நம்பகத்தையும் சொல்லவேண்டும். அவர் போட்ட பூட்டு லேசில் திறக்காது. விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் காலத்தில் சேஃப் மோடில் நுழைந்தால் போதும், பாஸ்வேர்ட் போடாத அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்று எல்லோருக்கும் திறந்து கிடக்கும். 2007-இல் விஸ்டா வந்தபோது அந்தக் கணக்கை முடக்கியே கொடுத்தார்கள். உள்ளூர்க் கணக்கு என்றால், 2018 முதல் மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கடவுச்சொல்லை மாற்றலாம். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு அந்த வழி இல்லை. மறந்துவிட்டது என்று சொன்னால், தம்பியின் பழைய செல்லுக்குக் குறியீடு அனுப்பவா என்று கேட்டு, அந்த நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டும். மீட்புப் படிவம் நிரப்பலாம் என்றால், பழைய பாஸ்வேர்ட் என்ன, சமீபத்தில் அனுப்பிய மெயிலின் தலைப்பு என்ன என்று கேட்கும். தம்பி யாருக்கு என்ன மெயில் அனுப்பினார் என்று மதினிக்கு எப்படித் தெரியும்? பின் நம்பரை மறந்துபோன தம்பியே மனமிரங்கி வந்து, பழைய செல் இல்லாமல் கணக்கின் பாதுகாப்புத் தகவல் எல்லாவற்றையும் மாற்றக் கேட்டாலும் 30 நாள் காத்திருக்கவேண்டும். ஆடிப்பெருக்கு காத்திருக்காது.

வேறு கடைக்காரர், பென்டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பிப் பூட்டை உடைக்க வருவார். பழைய மெஷினில் அந்த வைத்தியம் பலிக்கும். ஆனால் 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு முதல், பெரும்பாலான புது மெஷின்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினாலே வட்டு தானாகக் குறியாக்கம் ஆகிவிடும். குறுக்கு வழியில் போனால் நீல நிறத் திரை 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி தம்பியின் கணக்குக்குள் பத்திரமாக இருக்கிறது. தொலைந்த சாவியை மைக்ரோசாஃப்ட்டாலும் உண்டாக்கித் தர முடியாது. இவ்வளவு பத்திரமாக ஒரு வீட்டின் சொத்தை அந்த வீட்டாரிடமிருந்தே காத்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மிச்சமிருக்கிற வழி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. பத்து வருட லேபிள் டிசைன், ஜி.எஸ்.டி. பில்கள், மகளின் கல்யாணப் படங்கள், நகல் எடுத்து வைக்காதது எல்லாம் போகும். கம்ப்யூட்டர் வேலை செய்யும்.

அண்ணாச்சிக்கும் இதில் பங்கு உண்டு, விட்டுவிடக்கூடாது. கிட்டங்கிச் சாவியை மச்சினனிடம்கூடக் கொடுக்காதவர். கணக்குப் பிள்ளை எழுதிய வரவு செலவை ராத்திரி உட்கார்ந்து ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறவர். அவர், வியாபாரம் முழுக்க அடங்கிய மெஷினை ஒரு மணி நேரப் பழக்கத்தில் ஒருவரிடம் ஒப்படைத்து, "நீங்களே பாத்துப் போட்டுருங்க தம்பி" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அப்படி நம்புகிற மனசு எல்லோருக்கும் வாய்க்காது.

தம்பி, உங்களை இன்னும் எவ்வளவோ புகழலாம். அதற்குமுன் ஒரு வேண்டுகோள். அடுத்த வீட்டுக்குப் போகும்போது அந்த வீட்டாரின் மெயிலிலும் அந்த வீட்டாரின் செல் நம்பரிலும் கணக்கைத் திறங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுங்கள். செட்டிங்ஸில் கணக்கு வகையை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஏற்கெனவே போட்டுக்கொடுத்த வீடுகளுக்கு ஒரு எட்டுப் போய், உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவர்கள் பெயரைப் போட்டுக்கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாதனங்கள் பகுதியில் அந்த 48 இலக்கம் இருக்கும். நாடு முழுக்க நோட்டும் டைரியும் அடித்து அனுப்புகிற ஊரில் தாளுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சாவியை எழுதி அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.