கடற்கரையில் காலை நீட்டிப் படுப்பது எப்படி: வட்டகொடைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

மத்தியதரைக் கடலில் ஏதாவது ஒரு தீவுக்குப் போய் ஒரு வாரம் சும்மா கிடந்துவிட்டு வந்தால் உடம்பும் மனசும் புதுசாகிவிடும் என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகள் எழுதுகின்றன. வேண்டியது ஒரு தீவு, ஒரு கடற்கரை, ஒன்றும் செய்யாமலிருக்கிற மனசு, அவ்வளவுதானாம். இதில் இலங்கை என்ற தீவு நமக்குப் பிறக்கும்போதே கிடைத்துவிட்டது. அதுவும் அந்த மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரஸைவிட ஏழு மடங்கு பெரியது. வட்டகொடை ஸ்டேஷனில் நின்றால் நாலு பக்கமும் தேயிலைதான் தெரியும். ஆனாலும் எந்தப் பக்கம் நடந்தாலும் முடிகிற இடம் கடல்தான். பாதி வேலை முடிந்தது. மிச்சத்துக்கான யோசனைகள் கீழே.

முதலில் ஒரு சாமியைத் தெரிவு செய்யுங்கள். கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு எவரும் லயத்தைவிட்டுக் கிளம்பியதில்லை. "கடல்ல என்னா இருக்கு, தண்ணிதானே?" என்று அம்மாயி கேட்டால் உங்களிடம் பதில் கிடையாது. கோயிலுக்கு என்றால் அதே அம்மாயி முதல் ஆளாக வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடும். திருக்கோணேஸ்வரம் என்று சொன்னால் நிலாவெளி கிடைக்கும். முன்னேஸ்வரம் என்றால் சிலாபமும் நீர்கொழும்பும். கதிர்காமம் என்றால் கிரிந்த. நம் முன்னோர் சாமிகளைக் கடலுக்குப் பக்கத்தில் வைத்தது காரணமில்லாமல் இல்லை. சாமிக்கு அரை மணித்தியாலம், கடலுக்கு மிச்ச நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். சாமி கோபித்ததாகத் தகவல் இல்லை.

அடுத்தது காலம். சைப்பிரஸில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழை என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. நமக்கு அந்த மாதங்களில்தான் இடுப்பில் படங்கு, தலையில் கொங்காணி, காலில் அட்டை. அதே தென்மேல் பருவம் மேற்குக் கரையில் கடலையும் கிளப்பிவிடும். ஆகஸ்ட் பள்ளி லீவில் நீர்கொழும்புக்கோ கல்கிசைக்கோ போய், கரையில் நின்று அலையைத் திட்டிவிட்டு வருவது நம்மில் பலருக்கு மரபாகிவிட்டது. மரபை மீறத் துணிந்தவர்கள் அந்த மாதங்களில் கிழக்கே போகலாம். மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலையும் பாசிக்குடாவும் அடங்கியிருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்கு நல்லது. இனிச் சொல்வது மட்டும் விளையாட்டல்ல. மலையில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு நீந்தத் தெரியாது. பாசிக்குடாவில் வெகுதூரம் போனாலும் இடுப்பளவு தண்ணிதான். சிவப்புக் கொடி கட்டியிருக்கிற கரையில் இறங்காதீர்கள்.

எப்போது போவது என்பதை உண்மையில் முடிவு செய்வது பருவக்காற்றல்ல, கொழுந்து. கொழுந்து பொங்குகிற மாதத்தில் லீவு கேட்டுக் காரியாலயத்தில் நிற்பவரை ஐயா ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பிறகு கடல் தானாகவே தூரமாகிவிடும். ஞாயிறும் போயாவும் ஒட்டி வருகிற வாரமாகப் பார்த்து வையுங்கள். அப்படியும் ஒரு நாள் இடிக்கும். வெளிநாட்டுக்காரன் ஓய்வெடுத்த நாளுக்கும் சம்பளம் வாங்குவானாம். நமக்கோ வேலைக்கு வந்ததாகப் பேர் விழாத நாளில் காசு இல்லை. 2021இல் ஆயிரம் ரூபாவாகி, 2024இல் 1350 ஆன அந்த ஒரு நாள் பேருக்காக எத்தனை கூட்டம், எத்தனை மறியல், எத்தனை வர்த்தமானி! புருசனும் பெண்சாதியும் இரண்டு நாள் போனால் நாலு பேர் போய்விடும். அதாவது 2024 கணக்கிலேயே 5400 ரூபா கொடுத்த பிறகே நீங்கள் ஓய்வெடுக்கத் தொடங்குகிறீர்கள். வேன் காசு தனி.

வேன் காசுக்குச் சீட்டுப் பிடியுங்கள். இதற்கென்று ஒவ்வொரு லயத்திலும் ஓர் அக்கா இருப்பார். பயணத்தின் பிரதமர், நிதியமைச்சர், நீதவான் மூன்றும் அவரே. யாருக்கு எந்த சீட், யார் வீட்டில் சோறு, யார் வீட்டில் முட்டை என்று அவர் சொன்னால் அது சட்டம். பதினாலு பேருக்கான வேனில் எத்தனை பேர் ஏறலாம் என்பதும் அவர் தீர்ப்புத்தான். மடியில் உட்காரும் பிள்ளைகள் கணக்கில் வராது. மடியில் உட்காருகிற வயது எது என்பதற்கு எல்லையும் கிடையாது.

கோச்சியில் போகலாமே என்று கேட்பீர்கள். மண் சரிந்து பாதை மூடாத நாளாக இருந்தால் போகலாம். கொழும்புக் கோட்டைக்கு ஆறு மணித்தியாலம் பிடிக்கும். ஆனால் ரிசர்வ் பண்ணிய சீட்டில் எல்லாம் மத்தியதரைக் கடல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய தீவில் கடற்கரை அலுத்துப்போய், நம் மலையைப் பார்க்க வந்தவர்கள். கதவில் தொங்கிக்கொண்டு, கொழுந்து எடுக்கிற பெண்களைப் பார்த்துக் கையசைப்பார்கள். நாமும் கையசைப்போம். கூடை நிறையாத நாளில் கொஞ்சம் குறைவாக.

ஆகவே வேன். இரவு பத்து மணிக்குப் பூண்டுலோயா வழியாகத் தவலந்தென்னைக்கு இறங்கினால் கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை தாண்டி விடியும்போது திருகோணமலை. ஒவ்வொரு தாய்க்கும் இரண்டு சொப்பிங் பேக், ஓர் எலுமிச்சங்காய் அவசியம். முதல் வளைவு முடிவதற்குள் ஏன் என்று புரியும். மாத்தளையில் முத்துமாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்க வண்டி நிற்கும். அங்கே அரைத் தூக்கத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: இந்தப் பாதை நமக்குப் பழையது. இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிய நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்து தம்புள்ளை, மாத்தளை என்று மேலே ஏறியது இந்தப் பக்கமாகத்தான். ஏறி முடிக்காமல் வழியிலேயே கிடந்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல், வந்து 200 வருசமானதை நினைத்து, ஒரு கூட்டம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்து காட்டியது. 200 வருசத்தில் கடலிலிருந்து மலைக்கு நடந்தாகிவிட்டது, ரயிலில் வந்தாகிவிட்டது. நம்மை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப எழுதிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் அழுதுகொண்டே கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போயுமாகிவிட்டது. அத்தனை தரம் கடலைக் கண்டவர்களில் ஒருவர்கூட அதில் குளிப்பதற்காகப் போகவில்லை. நீங்கள்தான் முதல் தலைமுறை. வாந்தியெடுத்தாலும் பெருமையோடு எடுங்கள்.

நம்மைவிட ஒழுங்காகக் கடலுக்குப் போவது கொத்மலை ஓயாதான். தலவாக்கலையைக் கடந்து, மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதையும் சும்மா விடவில்லை. 2012 முதல் தலவாக்கலையில் மறித்து, 150 மெகாவாட் மின்நிலையத்தில் வேலை வாங்கிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

இப்போது கடற்கரை. வந்துவிட்டீர்கள், இனி ஓய்வெடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் கவிழ்கின்றன. சஞ்சிகையின் சொற்படி, சாய்வு நாற்காலியில் படுத்துக் கண்ணை மூட வேண்டும். நம் ஆட்கள் செய்வதைப் பாருங்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிள்ளைகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை சரிவராமல் மறுபடி எண்ணுகிறார்கள். சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது காற்று வந்து தேங்காய்ச் சம்பலில் மணலைத் தூவிவிட்டுப் போகிறது. சேலையோடும் சுடிதாரோடும் முழங்காலளவு தண்ணியில் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அலை வரும்போது கத்துகிறார்கள், போனதும் சிரிக்கிறார்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்து வெடித்த விரல் நுனிகளில் உப்புத்தண்ணி பட்டால் சுரீரென்று எரியும். இதைப் பற்றி எந்தச் சஞ்சிகையும் எச்சரிப்பதில்லை. கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருந்தால் அடங்கிவிடும். அம்மாயி வெறும் சோடாப் போத்தலில் கடல்தண்ணி மொள்ளும், முழங்கால் வலிக்கு. தடுக்காதீர்கள்.

படுத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் திரும்பி வரும்போது வேனில் படுக்கலாம், பைலாப் பாட்டுச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டும். வெயிலில் முகம் கறுத்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். முன்னேயும் அப்படித்தானே இருந்தது.

இவ்வளவும் போதாது, மத்தியதரைக் கடல்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பாஸ்போட் எடுங்கள், ஏஜென்சிக்குக் கட்டுங்கள், மெடிக்கல் பாருங்கள், பிள்ளைகளை அம்மாயியிடம் விடுங்கள். சைப்பிரஸில் வீட்டு வேலைக்கு இலங்கைப் பெண்கள் வருசக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தலைநகரான நிக்கோசியாவில் வேலை கிடைத்தால், அது தீவின் நட்டநடுவில் இருக்கிறது. வடக்கே கிட்டத்தில் உள்ள கடலுக்குப் போவதென்றால் 1974 யுத்தம் கிழித்துவிட்ட எல்லையைத் தாண்ட வேண்டும். தெற்கே லார்னாகாவுக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவில் நகரத்துப் பூங்காக்களில் இலங்கை, நேபாளம், பிலிப்பைன்ஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வட்டகொடையை விட்டுப் போய் இன்னொரு தீவின் வட்டகொடையில் இறங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் என்றாவது ஒரு ஞாயிறு பஸ் பிடித்து லார்னாகாவுக்குப் போய்விடுங்கள். கடலைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்து லயத்துக்கு அனுப்புங்கள். "குடுத்து வச்சவ" என்று சொல்லிக்கொள்வார்கள். மறுக்க வேண்டாம். படத்தோடு மாசக் காசையும் அனுப்பி வையுங்கள், நிலாவெளி வேனுக்குச் சீட்டக்கா முற்பணம் கட்டக் காத்திருக்கிறார்.