அஞ்சரை சார்

மேகம் கறுத்தால் நாம் குடையைத் தேடுவோம். சிலர் சதவீதத்தைத் தேடுவார்கள். தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் அஞ்சரை சார்.

கலெக்டர் ஆபீஸ் இங்கேயே இருப்பதால் ஓய்வுபெற்ற கணக்குப் புலிகளுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. மற்ற புலிகள் பென்ஷனோடு கணக்கை நிறுத்திக்கொண்டன. இவர் நிறுத்தவில்லை. பௌர்ணமியன்று கிரிவலம் முடித்து, 14 கிலோமீட்டர் நடந்த காலோடு வேலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால், "மூணாவது பஸ்லதான் எடம் கெடைக்கும். நூத்துக்கு அறுபது" என்பார். முதல் பஸ்ஸே காலியாக வந்து நிற்கும். "இது அந்த மீதி நாற்பது" என்றபடி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். அவரை மடக்கவே முடியாது.

பெயர் வந்த கதை தனி. கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேத்தி, 'கோல்ஃப்' என்று ஒரு சீட்டாட்டத்தைக் கொண்டுவந்தாள். நிஜ கோல்ஃப் பார்க்க ஊட்டிக்குப் போகவேண்டும். இதற்கு ஒரு பாய் போதும். ஆளுக்கு ஆறு சீட்டு, மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் கவிழ்த்து வைக்கவேண்டும். இரண்டை மட்டும் திறக்கலாம். முறை வரும்போது கட்டிலிருந்தோ, கீழே திறந்து கிடப்பதிலிருந்தோ ஒன்றை எடுத்து, வேண்டாத சீட்டை மாற்றிக்கொள்ளலாம். மேலும் கீழும் ஒரே எண் ஜோடி சேர்ந்தால் இரண்டும் சைபர். இப்படி ஒன்பது ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் 'குழி' என்று பெயர். கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கே வெற்றி.

"கம்மியா எடுத்தா ஜெயிப்பா? நான் எஸ்எஸ்எல்சி எழுதினப்ப இந்தச் சட்டம் எங்கம்மா போச்சு?" என்று கேட்டார் சார்.

ராணியும் ஜாக்கியும் பத்து, ராஜா சைபர் என்று பேத்தி விளக்கினாள். "ராஜாவுக்கு மட்டும் சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார் வீட்டம்மா, மல்லாட்டை உரித்தபடி. காசு கிடையாது. பந்தயமே அந்த வேர்க்கடலைதான்.

சார் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஏஸுக்கு 1. இரண்டு வந்தால் கழித்தல் 2. மூன்றிலிருந்து பத்துவரை கூட்டினால் 52. ஜாக்கி, ராணி சேர்ந்து 20. ராஜா 0. ஆக 71. அதைப் பதின்மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய அஞ்சரை.

"கவுந்து கெடக்கிற எந்தச் சீட்டா இருந்தாலும் சராசரி மதிப்பு அஞ்சரை. அஞ்சும் அதுக்குக் கீழயும் கெடைச்சா எடு. ஆறு வந்தா தொடாதே. அவ்வளவுதான் ஆட்டம்!"

அன்றிலிருந்து அவர் அஞ்சரை சார். வீட்டம்மா மட்டும் 'அஞ்சறைப் பெட்டி' என்பார். திறந்தால் கடுகு, சீரகம் எல்லாம் வெளியே தெரியுமே, அதனால்.

கணக்கில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. கணக்கை மனசுக்குள் போடத்தான் தெரியாது. "நாலு பேர், ஆளுக்கு ரெண்டு தெறந்தாச்சு, கீழ ஒண்ணு. ஒம்பது சீட்டு தெரியுது. மீதி 43. எனக்கு எட்டு வேணும், உள்ள மூணு எட்டு இருக்கு. நூத்துக்கு ஏழு..." என்று பட்ஜெட் வாசிப்பதுபோல் வாசிப்பார். அவருக்கு எட்டு வேண்டும் என்று பாயில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதற்குப்பின் எவர் கையிலிருந்தாவது எட்டு கீழே விழுமா? பேத்தி தன் எட்டை அடைகாக்கும் கோழிபோல் வைத்திருப்பாள். சாரின் மல்லாட்டை ஒவ்வொன்றாகப் பாயைக் கடந்துபோகும்.

தோற்றாலும் வாய் ஓயாது. "ரம்மியைத் திறமை ஆட்டம்னு 1967-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சத்தியநாராயணா கேஸ். விழுற சீட்டை ஞாபகம் வெக்கணும், எதை வெக்கறது எதைப் போடறதுன்னு தெரியணும்னு தீர்ப்பு. அது இதுக்கும் பொருந்தும்."

"அப்ப ஏன் தோத்தீங்க தாத்தா?"

"அது சீட்டும்மா."

ஜெயித்தால் திறமை, தோற்றால் சீட்டு. இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ஒருநாள் நளனையே சாட்சிக்கு இழுத்தார். "சூதில நாட்டைத் தோத்தான். அப்புறம், தான்றி மரத்தைப் பாத்த மாத்திரத்தில காய் எத்தனைன்னு சொன்ன இருதுபன்னன்கிட்ட அந்த வித்தையைக் கத்துக்கிட்டுப் போய் ஆடினான். நாடு திரும்பி வந்துச்சு. எண்ணத் தெரிஞ்சவன் கெட மாட்டான்!"

"நளன் வாய்விட்டா எண்ணினாரு?" என்றார் வீட்டம்மா, தலை நிமிராமல்.

போன மழையில் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு சொல் வெளியே வரவில்லை. கஷாயத்தைக் குடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். எங்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் ஆகிவிட்டது. அவருக்கு எது வேண்டும், எது போய்விட்டது, ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது குழியில் நானே ஒரு நாலை அவர் மடியில் போடாத குறையாகப் போட்டேன். ஒன்பது குழி முடிந்தபோது சாருக்குத்தான் எல்லாரையும்விடக் குறைவு. மல்லாட்டை மலைபோல் அவர் முன்னால் குவிந்தது.

ஆனால் மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. நான்கு விரலைக் காட்டினார். காற்றில் எதையோ எழுதி வகுத்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை. ஒரு கடலையைக்கூட வாயில் போடாமல் எழுந்து போனார்.

மறுநாள் விடியற்காலை பால் வாங்கும் இடத்தில் என் கையைப் பிடித்தது ஒரு கரகரத்த குரல்.

"தம்பி, நேத்து ஏழாவது குழியில அந்த நாலை நான் ஏன் எடுத்தேன் தெரியுமா?"

கையில் இருந்த பால் பாக்கெட்டின் குளிர் விட்டுப்போகும்வரை சொன்னார். அன்று சாயங்காலம், முந்தைய நாள் ஜெயித்த மல்லாட்டை முழுவதையும் எங்களிடமே தோற்றார். முகத்தில் அப்படியொரு தெளிவு.