மைனஸுக்கு இணங்காத கார்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை என்று டயகமவுக்கு ஏறிவரும் ரோட்டில் நேரான இடம் வேண்டுமென்றால் பஸ்ஸை நிறுத்திவைக்கும் இடத்தைத்தான் காட்ட முடியும். அந்த ரோட்டுக்குத்தான் அக்கா மகன் கொழும்பிலிருந்து ஒரு ஹொண்டா வெசலைக் கொண்டுவந்தான்.

"ஸ்போர்ட்ஸ் கார் மாமா!"

கூரையில் கோவா மூட்டை கட்டலாம் போலிருந்த வண்டியை அப்படி ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால், வலப்பக்கம் ப்ளஸ், இடப்பக்கம் மைனஸ் என்று கியர் மாற்றும் இரண்டு துடுப்புகள் இருந்தது உண்மை.

இந்தத் துடுப்புகள் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்தது 1989இல், ஜோன் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640இல். சோதனை ஓட்டங்களில் அது ஓடியதைவிட நின்றதே அதிகம். பிரேசிலில் முதல் பந்தயம். எப்படியும் பாதியில் நிற்கும் என்று நைஜல் மான்செல் ஊர் திரும்ப முன்கூட்டியே விமானத்துக்குப் பதிந்துவைத்திருந்தாராம். வண்டி நிற்கவில்லை, ஜெயித்துவிட்டது. கிண்ணத்தைத் தூக்கும்போது அவர் கையைக் கிழித்துக்கொண்டார். 1997இல் ஃபெராரி எஃப்355 மூலம் துடுப்புகள் சாதாரண ரோட்டுக்கும் இறங்கின; சாதாரணம் என்றால், ஃபெராரி வாங்கக்கூடியவர்களுக்கு.

இப்போது பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இரட்டைக் கிளட்ச். இவன் கொண்டுவந்த முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டிலும் அதுதான். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு மற்றது. மூன்றில் ஓடும்போதே நாலைக் கோர்த்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். நாலு கேட்டால் கண் சிமிட்டுமுன் வந்துவிடும். இரண்டு கேட்டால், கோர்த்ததைக் கழற்றி வேறொன்றைக் கோர்க்க வேண்டும், ஒரு கணம் யோசிக்கும். பந்தயத் திடலில் இந்த ஊகம் பலிக்கும். டயகம ரோட்டிலோ, வேகமெடுத்தவுடன் வளைவு, வளைவு முடிந்தால் கொழுந்து லொறி. ஊகத்துக்கு இங்கே பிழைப்பில்லை.

துடுப்பை இழுத்தால் கியர் மாறும் என்றும் நம்பக்கூடாது. தோட்டத்துத் துரை சங்கத் தலைவரிடம் அபிப்பிராயம் கேட்பதுபோல, வண்டி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. டி-யில் வைத்துத் துடுப்பைத் தொட்டால் கொஞ்ச நேரம் நம் சொல்படி நடந்துவிட்டு, நாம் அசந்த நேரம் தன் வழிக்குத் திரும்பிவிடும்.

அத்தான் ஆயுசெல்லாம் கொழுந்து லொறி ஓட்டியவர். அக்கரப்பத்தனைப் பக்கம் இறங்கும்போது முன்சீட்டில் இருந்தார். பின்சீட்டில் நான்.

"ரெண்டுல போடுடா, எஞ்சின் புடிக்கும்."

மகன் மைனஸை இழுத்தான். 'டிங்' என்றது. கியர் மாறவில்லை.

"என்னாடா?"

"வேணாங்குதுப்பா. இந்த வேகத்துல ரெண்டு போட்டா எஞ்சின் கூடுதலாச் சுத்திப்போயிரும்."

"யாரு வேணாங்குறது?"

"கம்ப்யூட்டர்."

"அதுக்கு லைசன்ஸ் இருக்கா?"

மகன் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்து மறுபடி இழுத்தான். இம்முறை சம்மதம். எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டது. அத்தான் முகத்தில் லேசாக ஒரு திருப்தி.

"பிரேக்கை மிதிச்சது யாரு?"

"நான்தான்."

"இழுத்தது?"

"நான்தான்."

"அப்ப சம்பளம் மட்டும் அதுக்கு."