போர்வைக் கரை அலை விசாரம்

அமெரிக்க இல்லங்களில் துணித்துண்டுகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைத்து, நடுவே பஞ்சுப் படலமும் அடியில் வேறொரு துணியும் வைத்துத் தைக்கப்படும் குவில்ட் என்னும் போர்வையைப் பற்றி நூல்கள் மலிந்து கிடப்பினும், அதன் நாற்புறமும் கட்டப்படும் கரை, தரையில் விரித்த மாத்திரத்தில் அடங்கிக் கிடக்க மறுத்து அலையலையாய் எழுந்து நிற்கும் காரணத்தைத் தத்துவ நோக்கில் ஆராய்ந்தார் இலராதலின், இவ்விசாரம் தொடங்கப்படுகிறது.

பூர்வபட்சிகள் மூவகையினர். துணியே குற்றவாளி என்பர் முதல்வர்; பாவு வழியே வெட்டிய பட்டை ஏறக்குறைய நீளாது, ஊடை வழியே வெட்டியது சிறிது நீளும், குறுக்குச் சாய்வாக வெட்டியதோ தொட்டாலே நீளும் என்பது அவர் காட்டும் பிரமாணம். தையல் இயந்திரமே என்பர் அடுத்தவர். அதன் பற்கள் கீழ்த்துணியை முன்னே இழுக்க, மேல்துணி பின்தங்குவது கண்கூடு. போர்வையைப் பரிசாகக் கொடுக்க வேண்டிய கல்யாணத் தேதி நெருங்கிவிட்டதே காரணம் என்பர் மூன்றாமவர். இவர்களோடு வாதம் செய்து பயனில்லை.

குடத்துக்கு மண் முதற்காரணமும், திரிகை துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆவது போல, இவ்வலைக்கும் துணியும் இயந்திரமும் முதலும் துணையுமாய் நிற்க, நிமித்தகாரணமாய் விளங்குபவர், அளவு நாடாவை எடுக்கச் சோம்பி, நீளமானதொரு பட்டையை விளிம்பில் வைத்து ஓட்டித் தைத்து, கடைசியில் மிஞ்சியதைக் கத்தரித்து எறிபவரே என்பது சித்தாந்தம். பலமுறை கைபட்டு இழுபட்ட விளிம்பு 61 அங்குலமாகியிருக்க, போர்வையின் நடுவகலம் 60 அங்குலமாகவே இருப்பின், அந்த ஓர் அங்குலம் மேலெழுவதன்றி வேறெங்கே போகும்? இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதம் இங்கே ஐயமற நிறுவப்படுகிறது. (கரை குறுகினால் நடுப்பகுதி உப்பும்; அது தனி நூலுக்குரிய விஷயம்.)

இனிப் பிராயச்சித்தம். கரையைப் பிரித்து, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்தி, போர்வையை விளிம்பில் அளவாது நடுவிலும் அதன் இருமருங்கிலும் அளந்து, சராசரி கண்டு, எதிரெதிர்க் கரைகள் இரண்டையும் அந்நீளத்துக்கே வெட்டுக. கரை, போர்வை இரண்டிலும் பாதியும் காலும் குறித்து, குறிகளைப் பொருத்திக் குண்டூசி குத்தி, சற்றே மிகுந்த துணி பற்களின் பக்கம் அமையுமாறு தைத்தால், மிகுதியை இயந்திரமே விழுங்கிவிடும். இவை தைத்து முடிந்த பின்னரே, அவற்றையும் சேர்த்தளந்து மற்ற இரண்டு கரைகளை வெட்ட வேண்டும். அற்ப அலைக்கு நீராவி இஸ்திரியும், கரை நெடுக நெருங்கிய தையலும் போதும்.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் நேர்விளிம்பைப் பொருட்படுத்தாது தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொங்கிப் பெரும்புகழ் பெற்றமையைச் சிலர் தம் அலைக்குச் சான்றாகக் காட்டுவர். அப்பெண்களின் கோணல் கண்ணறிந்து செய்த கோணல்; அதை நம் சோம்பலுக்கு வக்கீலாக வைத்துக்கொள்வது நியாயமன்று.

ஆதலின் தீர்ப்பு யாதெனில்: கட்டிலில் விரிக்கும் போர்வையாயின் பிரிக்க வேண்டாம், தொங்கும் பக்கத்து அலையை எவரும் குனிந்து பாரார். சுவரில் மாட்டுவதாயின் பிரித்தே ஆக வேண்டும்.