லடாக் மாமா

மேற்கு மாம்பலத்தில் மாமா தயிர் வாங்கக் கிளம்பப் பத்து நிமிடமாவது ஆகும். கடை அடுத்த தெருவில்தான். ஆனால் முட்டிக் கவசம் மாட்ட வேண்டும், பூட்ஸ் பக்கிளை இழுத்துப் பூட்ட வேண்டும், கையுறை தேட வேண்டும். அதற்குள் மாமி இரண்டு தரம் எட்டிப் பார்த்து, "ஏன்னா, இன்னும் கிளம்பலையா?" என்பார்.

ஐம்பதைத் தொட்டதும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் வாங்குகிறவர்கள் இப்போது பேட்டைக்குப் பேட்டை இருக்கிறார்கள். பெயர்தான் பனிமலை, வண்டி பிறந்தது சென்னைக்குப் பக்கத்தில். மாமாவுடையது பழைய மாடல்: 411 சிசி, ஒரே சிலிண்டர், முன்சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் 220 மில்லிமீட்டர். கல்லும் ஆறும் தாண்டுவதற்கென்று வைத்த அளவுகள். மாமாவுக்கு அவை கைகொடுப்பது துரைசாமி சுரங்கப்பாதையில், மழைக்காலத்தில். (குறை சொல்வதற்கில்லை, அங்கே காரே நின்றுபோகும்.) பக்கத்துப் பெட்டியில் வாழைத்தண்டு பயணம் செய்கிறது. டேங்க் ஓரத்து ஜெரிகேனில் செக்கு நல்லெண்ணெய். அது மாமியின் ஏற்பாடு.

பேச்சு மட்டும் எப்போதும் மேகத்துக்கு மேலேதான். லடாக்கின் கார்துங் லா கணவாய் 18,380 அடி என்பார். அங்கே நட்டிருந்த பலகை அப்படித்தான் சொன்னது. அளந்து பார்த்தவர்கள் 17,582 என்கிறார்கள். நடுவில் காணாமல்போன எண்ணூறு அடியைப் பற்றிக் கேட்டால், "போட்டோல பலகை இருக்கு, பாருங்கோ" என்று போனை நீட்டுவார். அடுத்து உம்லிங் லாவாம், 19,024 அடி.

"சென்னைலேர்ந்து லே, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல!" பொய் இல்லை. வண்டி அவ்வளவு தூரமும் போனது. டெல்லி வரைக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, சாக்கு சுற்றி, ரயில் பார்சல் வேனில். மாமா சைடு அப்பரில். மாமி சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. மாமாவின் கதையில் ஆந்திராவும் மத்தியப் பிரதேசமும் ஓர் 'அப்புறம்' என்ற சொல்லுக்குள் ஓடிவிடும்.

அன்றைக்கு வாசலில், உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து எஞ்சினுக்கு மூச்சு வாங்கியதையும், முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறியதையும் விவரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேன் போடுகிறவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லை நிறுத்திவிட்டு அக்கறையாகக் கேட்டார்.

"மைலேஜ் எவ்ளோ சார் குடுக்குது?"

"மேல ஆக்சிஜனே பாதிதாம்ப்பா..."

"அது இல்ல சார். மைலேஜு?"

"முப்பது."

"நம்மது அறுபது" என்றவர், நாலு கேனோடு சந்துக்குள் திரும்பினார்.